நாலு விரல் அகல லேஸ்

அயனம்பாக்கம்
11.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

ரியா எழுதுகிறேன். இங்கே சளியைத் தவிர மற்றபடி எல்லோரும் சுகம். திண்டுக்கல்லில் பனி அதிகம் என்று அம்மா சொன்னார். காதில் துணி கட்டிக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு நீ மடத்திலிருந்து போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை. மதர் உன் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தாலே எனக்கு வாய் எழாது. கடிதத்தையும் அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று தெரியும். ஆனால் எழுதும்போது அவர் முகம் எதிரே இல்லை, அதனால் பரவாயில்லை.

மே முப்பதாம் தேதி உனக்குக் கன்னியாஸ்திரி உடுப்பு போடுகிறார்கள் என்று கேட்டதும் அம்மா அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான். உடுப்பு வாங்கும் பெண்ணின் வீட்டார் பலிபீடத்துக்கு ஒரு வெள்ளை விரிப்பு கொண்டுவர வேண்டும், அதன் ஓர லேஸ் வீட்டிலேயே கையால் பின்னியதாக இருக்க வேண்டும் என்பது உங்கள் மடத்து வழக்கம் என்றாயே. அதை நான் பின்னுகிறேன் அக்கா. பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பிரியடில் கற்ற குரோஷா கொக்கிப் பின்னல் மறந்திருக்கும் என்று பயந்தேன். ஊசியை எடுத்ததும் விரல் தானாகப் போகிறது. அளவு எழுது.

பிராங்குக்கு நாலு வயது முடிந்துவிட்டது. செரினுக்கு அடுத்த மாதம் இரண்டு. அண்ணி அவளைப் பெற்றுவிட்டு இறந்துபோனதும் அதே நாள் என்பதால் கேக் வாங்குவதா, பூசை வைப்பதா என்று அம்மாவுக்குக் குழப்பம். அண்ணனைக் கேட்டால், "இன்னாவோ பண்ணுங்க" என்கிறான். விடியுமுன்னே ஐஸ் வண்டி எடுத்துக்கொண்டு வானகரம் மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவன், பதினோரு மணிக்கு வந்து படுக்கிறான். இருப்பது ஒரே அறை. அவன் தூங்க வேண்டும் என்றால் குழந்தைகள் வெளியே இருக்க வேண்டும். அதனால் மதியம் முழுக்க நாங்கள் ஏரிக்கரையில்தான். நூலையும் கையோடு எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
ரியா

திண்டுக்கல்
29.1.2026

இயேசுவில் பிரியமான ரியாவுக்கு,

உன் கடிதத்தை மதரும் படித்துச் சந்தோஷப்பட்டார். "உன் தங்கை கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே ஹெலினா" என்றார்.

விரிப்பின் மூன்று பக்கத்துக்கும் லேஸ் வேண்டும். ஏறக்குறைய ஐந்து மீட்டர். அகலம் நாலு விரல். திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் மாறி மாறி வர வேண்டும். மாதிரியை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். நூல் வெள்ளையாகவே இருக்கட்டும், சந்தன நிறம் வேண்டாம்.

இங்கே தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மௌனமாகக் கைவேலை. வேப்பமரத்து நிழலில் வரிசையாக உட்காருவோம். நீ அங்கே பின்னும்போது நான் இங்கே பின்னுகிறேன் என்று நினைத்துக்கொள். இரண்டு பேரும் சேர்ந்து இருந்த மாதிரிதான்.

செரினுக்குக் கேக்கும் வாங்குங்கள், பூசையும் வையுங்கள். பிராங்குக்கும் அவளுக்கும் என் முத்தங்கள்.

ஜெபத்தில் உன்னை மறவாத,
ஹெலினா அக்கா

அயனம்பாக்கம்
1.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கேக் வாங்கினோம். செரின் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

லேஸ் நடக்கவில்லை அக்கா. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஊசியை எடுப்பேன். ஒரு கதிர் தொடங்கியதும் செரின் மண்ணைத் தின்பாள். வாயைக் கழுவிவிட்டு வந்தால் எந்தக் கண்ணியில் விட்டேன் என்று தெரியாது, அந்த வரிசையைப் பிரித்துத் திரும்பவும் போட வேண்டும். அதற்குள் பிராங்கைக் காணோம். தண்ணீர்ப் பக்கம் என்பதால் கண்ணை எடுக்கவே பயம். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா மாடு ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம், "இன்னாம்மே, ஒத்தக் கொக்கிய வெச்சுகினு ஏரில மீனா புடிக்கிற?" என்று கேலி செய்வார்.

ராத்திரி பின்னலாமே என்பாய். விளக்குப் போட்டால் அண்ணன் முனகுவான். அவன் இரண்டு மணிக்கு எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இருப்பார், ஆனால் அன்றைக்குத்தான் வாரத் துணி எல்லாம். அம்மா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் சட்டைகளின் பிசிறு நூல் வெட்டும் வேலையில் இருப்பது உனக்குத் தெரியுமே. "நாள் பூரா நூல வெட்டிகினு வர்றேன், ஊட்லயும் நூலான்னுகீது எனக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பு.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வழியாக ஒரு சாண் வந்திருந்தது. போன புதன்கிழமை பிராங்க் அதை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, பட்டம் விட்டான். காற்றில் கவர் ஓட ஓட லேஸ் பிரிந்துகொண்டே போனது. அவன் எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தான் தெரியுமா. "அத்த, பார், நூலு வந்துகினே கீது" என்றான். அவனை அடித்துவிடுவேனோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
ரியா

திண்டுக்கல்
12.3.2026

இயேசுவில் பிரியமான ரியாவுக்கு,

பட்டக் கதையைப் படித்து இங்கே எல்லோரும் சிரித்தோம். பிராங்க் பொல்லாதவன்.

நேரம் என்பது நாமாக உண்டாக்கிக்கொள்வதுதான் ரியா. அம்மா எழுவதற்கு முன் நீ எழுந்து பார். பிராங்குக்கும் ஒரு நூல்கண்டு கொடு, அவனும் வேலை செய்வதாக நினைத்துக்கொள்வான். இது தவக்காலம். உன் கஷ்டத்தை ஆண்டவருக்கு ஒறுத்தலாக ஒப்புக்கொடு. நான் பாடல் குழுவில் சேர்ந்திருக்கிறேன்.

ஜெபத்தில் உன்னை மறவாத,
ஹெலினா அக்கா

அயனம்பாக்கம்
8.4.2026

அக்காவுக்கு,

இதை மதர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

செரினுக்குப் போன மாதம் சளி. டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பைக் குடித்தால் நன்றாகத் தூங்குவாள். ஒரு நாள் மதியம் பிராங்குக்கும் இருமல் என்று அவனுக்கும் அதையே கொடுத்தேன். அன்றைக்கு ஏரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அண்ணன், பிராங்க், செரின் மூன்று பேரும் உள்ளே தூங்க, நான் வாசற்படியில் உட்கார்ந்து பின்னினேன். ஒரு திராட்சைக் குலை முழுதாக வந்தது. யாரும் என்னைத் தொடவில்லை, இழுக்கவில்லை. எழுந்தபோது உடம்பு புதிதாக இருந்தது.

சளி போன பிறகும் கொடுத்தேன். இரண்டு பேருக்கும். அண்ணன்கூட, "இன்னா ரியா, ரெண்டும் இப்போல்லாம் கம்முனு கீதுங்க" என்று சந்தோஷப்பட்டான். லேஸ் மளமளவென்று வளர்ந்தது.

பெரிய வியாழன் அன்று செரின் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், தண்ணீர் தெளித்தேன், கால் துவண்டு கிடந்தது. அண்ணனை எழுப்பக்கூட எனக்குப் பயம். வெளியே ஓடிப் பூங்காவனம் அக்காவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் பாட்டிலையும் பார்த்துவிட்டார். "இன்னாடி குட்த்த கொயந்திக்கு" என்று என் தோளில் ஓர் அடி வைத்தார். ஆட்டோவில் கிளினிக்குக்குப் போனோம். சாயங்காலம் கண்ணைத் திறந்து என் கம்மலைப் பிடித்து இழுத்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள் அக்கா, பயப்படாதே. வீட்டில் வெயில் என்று நம்பிவிட்டார்கள். "நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா இன்னொரு தபா இத்த பண்ண, நானே உன் அண்ணங்கிட்ட சொல்லிப்பூடுவேன்" என்றார் பூங்காவனம் அக்கா.

பாட்டிலைக் கொட்டிவிட்டேன். ஆனால் ஈஸ்டர் பூசையிலேயே, அந்த சிரப் வேறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் பயம். நான் கெட்டவளாகிக்கொண்டிருக்கிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர இருந்த ஜூன் மாதம் நீ மடத்துக்குப் போனாய். குழந்தைகளைப் பார்க்க நான் வீட்டில் நின்றுவிட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அழைப்பு வந்தது, நீ போனாய், அது சரி. இப்போது ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நீ அண்ணனுக்கு எழுது. தினமும் ஒரு மணி நேரம் இவர்களை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுது. தூங்கி எழுந்த பிறகு அவன் டீக்கடைப் பக்கம்தான் போய் நிற்கிறான். அந்த நேரம் போதும். நான் கேட்கப் போனால் அவன் முகத்தைப் பார்த்ததும், சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். நீ சொன்னால் கேட்பான். உன்னைச் சிஸ்டர் என்று இப்போதே மரியாதையாகச் சொல்கிறான்.

ஒரு மணி நேரம் அக்கா.

ரியா

திண்டுக்கல்
20.4.2026

இயேசுவில் பிரியமான ரியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை. செரினுக்காகக் கோவிலில் அழுதேன். மதர் உன்மேல் கோபப்படவில்லை. "பாவம், சின்னப் பெண்" என்றார்.

அண்ணனுக்கு நான் என்னவென்று எழுதுவது ரியா? மனைவியை இழந்தவன். அவனும் ராப்பகலாக உழைக்கிறான். மடத்தில் இருந்துகொண்டு நான் அவனை அதிகாரம் செய்தால் நன்றாக இருக்குமா? ஆனால் உன்னை அப்படியே விட்டுவிடவில்லை, வேறு வழி செய்துவிட்டேன். மதரிடம் பேசினேன். நம் வீட்டிலிருந்து லேஸ் இல்லாத வெறும் விரிப்பு வந்தால் போதும் என்றார். இங்கே மூத்த சிஸ்டர்கள் பின்னிய லேஸ் பெட்டியில் இருக்கிறது, அதை வைத்து நானே தைத்துக்கொள்வேன்.

இனி உனக்கு எந்தப் பாரமும் இல்லை. நூலையும் ஊசியையும் எடுத்து மேலே வைத்துவிட்டுக் குழந்தைகளைப் பார். முப்பதாம் தேதி உன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறேன்.

ஜெபத்தில் உன்னை மறவாத,
ஹெலினா அக்கா

அயனம்பாக்கம்
28.5.2026

அக்காவுக்கு,

இதை அம்மாவின் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன். விழா முடிந்த பிறகு உன் கையில் தரச் சொல்லியிருக்கிறேன். மதருக்கு முன் நீ படி.

நான் அண்ணனுக்கு எழுதச் சொன்னேன். நீ லேஸை நிறுத்தச் சொல்லிவிட்டாய். அன்போடுதான் சொன்னாய் என்று தெரியும், அதனால்தான் ஒரு மாதமாகப் பதில் எழுத வரவில்லை. வீட்டில் எதையாவது விட வேண்டும் என்று வந்தால், நான் விட வேண்டியது எது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். அண்ணன் ஒரு மணி நேரம் விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை.

சோறு ஊட்டினால் திரும்பப் பசிக்கிறது. துணி துவைத்தால் சாயங்காலமே அழுக்கு. நான் நாள் முழுக்கச் செய்வதில் எதுவும் மறுநாள் இருப்பதில்லை. லேஸ் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அது உனக்காக என்று சொல்லித்தான் அதற்குக் கொஞ்சமாவது நேரம் கேட்க முடிந்தது. அக்கா உடுப்புக்கு என்றால் அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்காக என்று சொல்லி எப்படிக் கேட்பது? நீ அந்தக் காரணத்தையும் எடுத்துக்கொண்டாய்.

நேற்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அம்மாவும் அண்ணனும் திண்டுக்கல் போவதாகவும், இரண்டு பிள்ளைகளோடு ரயிலில் கஷ்டம் என்பதால் நான் அவர்களை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதாகவும் அவர்களே பேசி முடித்திருந்தார்கள். நீ என் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாயே, அது அப்படியும் நடந்திருக்காது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைங்களும் வர்றாங்க, நான் மட்டும் வரல" என்றேன்.

"இன்னா வெளாட்றியா? ரெண்டு கொயந்தைய இட்டுகினு ரயில்ல நான் இன்னா பண்றது?" என்றான் அண்ணன்.

"நான் தெனமும் இன்னா பண்றேனோ, அத்த பண்ணு."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அண்ணன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் பூங்காவனம் அக்கா, "கேட்டுச்சா நைனா, இப்பத்தான் பொண்ணுக்கு வாய் வந்துகீது" என்றார். அம்மா, "அக்கா உடுப்பு போட்ற நாளுடி, நீ இல்லாம எப்டி" என்று அழுதார். அழட்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு போய் அவர் காலை அமுக்கிவிட்டேன். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

நாளை சாயங்காலம் நாலு பேரும் கிளம்புகிறார்கள். திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவார்கள். இடையில் இருப்பதெல்லாம் எனக்கு. இந்த வீட்டில் நான் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை, கொஞ்சம் பயமாக இருக்கிறது. லேஸ் இரண்டு மீட்டர் வந்திருக்கிறது. பலிபீடத்துக்கு இல்லை. எதற்கு என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. நீ கோவிலில் உடுப்பு வாங்கும் நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு பின்னிக்கொண்டிருப்பேன். அதற்காக வெட்கப்படவில்லை என்று எழுதப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பின்னுவேன்.

இதற்குப் பதில் போடாதே. நீ எழுதினால் படிப்பேன், படித்தால் இளகிவிடுவேன். எப்போது எழுதலாம் என்று தோன்றுகிறதோ அப்போது நானே எழுதுகிறேன்.

பிராங்குக்கு ரசம் ஆகாது, தயிர்சாதம் கொடு. அண்ணன் அவனைத் தோளிலேயே வைத்திருப்பான், இறக்கி விடச் சொல், அவனுக்கு ஓட வேண்டும். செரினுக்குத் தூக்கம் வரும்போது "அம்மா" என்பாள். அது என்னைத்தான். நீ "என்னம்மா" என்று மட்டும் கேள், சமாதானமாகிவிடுவாள். புது உடுப்பு கசங்கும் என்று பார்க்காதே. உன் மடியில் படுத்து அவள் தூங்கிவிட்டால் நீ அசையக் கூடாது, உடனே விழித்துக்கொள்வாள். கால் மரத்துப்போகும், இருந்துகொள். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. மதர் கூப்பிட்டாலும்.

ரியா