இருவருக்கும் ஒரே முடிவு

மார்சிலிங்,
சிங்கப்பூர், 16 பிப்ரவரி 2025

அன்பு மகன் ஸைஃபுக்கு அம்மாவின் ஸலாம்.

நீ நலமாக இருக்கிறாய் என்பது நீ போடும் படங்களிலிருந்தே தெரிகிறது. ஆகவே நலம் விசாரிக்கவில்லை. பெர்த்தில் நீ விமானத்திலிருந்து குதிக்கும் படத்தை உன் ஷமீமா பெரியம்மா தன் போனில் காட்டினார். எனக்கு அனுப்ப உனக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டால் "வேலையில இருக்கேன் மா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. பாலர் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது. போனைத் துண்டிப்பது போல் கடிதத்தைத் துண்டிக்க முடியாது அல்லவா.

உன் அத்தாவுக்கு இப்போது கட்டில் இல்லை. விழுந்துவிடுகிறார் என்று மெத்தையைத் தரையிலேயே போட்டிருக்கிறோம். தூங்கும்போது மட்டும்தான் அந்த உடம்பு ஓய்கிறது. விழித்துவிட்டால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், யாரோ கயிறு கட்டி இழுப்பது போல் ஆடத் தொடங்கிவிடுகிறது. பேச்சு எனக்கும் உன் தம்பி அதீஃபுக்கும் மட்டும் புரிகிறது.

கேம்பல் லேனில் கண்ணாடிக் கடை வைத்திருந்த காலத்தில் அவர் கை ஆடுவதைப் பார்த்துவிட்டு, முகைதீன் குடிக்கிறார் என்று பேசினார்கள். உனக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டு தொடாத மனுஷர். நோயின் பெயர் ஹன்டிங்டன் என்று டாக்டர் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. குடி இல்லை என்று இனி ஊருக்குச் சொல்லலாமே. அதற்கு அடுத்து டாக்டர் சொன்னதுதான் நம் வீட்டில் விழுந்த இடி. பெற்ற பிள்ளைக்கு இது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்கள் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். ஒருவனுக்கு இருந்தால் இருவருக்கும் இருக்கும். ஒருவனுக்கு இல்லையென்றால் இருவருக்கும் இல்லை.

விமானிப் பயிற்சிப் பள்ளியில் உங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்து, கடைசியாக மரபணுச் சோதனைக்கு எச்சில் கேட்டார்களே, அன்று நம் அடுக்களையில் நடந்த பேச்சை நான் மறக்கவில்லை. கட்டாயமில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். கொடுக்காதவர்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காத்திருக்கத் தயார் என்றான் அதீஃப். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரிஞ்சாகணும். என் உடம்பு, என் ரைட் லா" என்றாய்.

"அது என் உடம்பும்தான்டா. நீ அந்தக் குழாயில துப்புறது என் எச்சிலும்தான். எனக்குத் தெரிய வேணாம். ப்ளீஸ்" என்றான் அவன்.

அவன் உன்னிடம் கெஞ்சி அன்றைக்குத்தான் பார்த்தேன். முடிவு வந்தால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு நீ போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாய். முடிவைப் படித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தாய். ஆனால் உன் முகம் அவன் முகம்தானே ஸைஃப். அதை அவனுக்குப் படிக்கத் தெரியாதா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

அதன் பிறகு நீ பெட்டியைக் கட்டிவிட்டாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து அதீஃபை அழைத்தார்கள். சரஸ்வதி என்று ஓர் அதிகாரி, மிகவும் மரியாதையாகப் பேசினாராம். உங்களை நாங்கள் ஒதுக்கவில்லை, பாதுகாக்கிறோம் என்றாராம். நான் சோதனையே செய்துகொள்ளவில்லையே என்று இவன் கேட்டிருக்கிறான். "அவசியமில்ல தம்பி. உங்க பிரதர் ரிசல்ட் எங்ககிட்ட இருக்கு" என்று பதில். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா மேடம்?" என்று கேட்டானாம். மரபணுவைப் பொறுத்தவரை ஆமாம் என்று சொல்லி, எழுந்து நின்று கைகொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவன் எச்சில் கொடுக்கவில்லை, ஒரு கையெழுத்துப் போடவில்லை. அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

அதீஃபுக்குப் பேசி வைத்திருந்த பெண் ஆஸ்மாவின் வீட்டில் அவனே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மறைத்து நிக்காஹ் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவள் அத்தா அஹமது கபீர் நம் வீட்டுக்கு வந்தார். உன் அத்தாவின் கை வீசியதில் தேநீர் கபீரின் மடியிலேயே கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டார். "உங்க குடும்பத்து மேல ஒரு குறையும் இல்ல தங்கச்சி. ஆனா தெரிஞ்சுக்கிட்டே எப்படி..." என்று பாதியில் நிறுத்தினார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

ஆனால் ஆஸ்மா ஞாயிற்றுக்கிழமை பிடோக்கிலிருந்து தனியாக வந்து நின்றாள். "அத்தா பேசினது அத்தாவோட முடிவு மாமி. என்னோடதை நான் இன்னும் சொல்லல" என்றாள். அதீஃப் அவளிடம், "நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி. உனக்காக நான் எடுக்க மாட்டேன். அடுத்தவங்க நமக்காக முடிவு எடுத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றான். அவன் யாரைச் சொன்னான் என்று நான் எழுத வேண்டியதில்லை.

குளிர் தொடங்கும் முன் கம்பளி வாங்கிக்கொள். வெளியில் சாப்பிட்டால் ஹலால் பார்த்துச் சாப்பிடு.

துஆவுடன்,
உன் அம்மா ஜரீனா


மார்சிலிங்,
22 ஜூன் 2025

அன்பு மகன் ஸைஃபுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ அனுப்பிய குரல் செய்தி வந்தது. காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. அத்தாவின் காதோரம் வைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

என் கடிதத்துக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிலையும் படித்தேன். "நான் எந்த முடிவும் எடுக்கல மா. எல்லாத்தையும் பிறக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுட்டாங்க. மிச்சம் இருக்கிற வருஷத்தை நான் வாழ்றேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாய். பல தடவை படித்தேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். உனக்கு எப்போதும் பேச்சு வரும்.

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் உடம்பில் ஒரு நோய் எழுதியிருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த எழுத்தை அழிக்க முடிந்தால் என் கையாலேயே அழித்திருப்பேன். ஆனால் நீ வீட்டை விட்டுப் போவாய் என்று எந்த அறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை. அத்தாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போவாய் என்று எழுதியிருக்கவில்லை. அதீஃபுக்கும் அதே இரத்தம்தான், அதே மரபணுதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்று அந்தப் பெரிய பள்ளியே சான்று சொல்லிவிட்டது. அவன் போகவில்லை. ஆகவே போனது நீ. அதை நோயின் தலையில் கட்டாதே.

அதீஃப் சாங்கி விமான நிலையத்தில் வேலைக்குப் போகிறான். விமானத்தின் வயிற்றில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. வேறு வேலை பார்க்கலாமே என்றேன். "பக்கத்துலயாச்சும் இருக்கேனே மா" என்றான். அவனை நல்லவன் என்று உனக்கு நான் பாடம் படிக்கவில்லை. அவன் மாறிப்போய்விட்டான். சின்னச் சின்னதற்கெல்லாம் என்னிடம் எரிந்து விழுகிறான். நீங்கள் இருவரும் சேர்ந்து நின்ற படங்களையெல்லாம் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி எங்கோ போட்டுவிட்டான். தாடி வளர்த்து, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டிருக்கிறான். மொட்டை மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றான். அவன் முகம் என்றது உன்னுடையதை.

ஆஸ்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தாள். அத்தாவுக்குக் கஞ்சி ஊட்டக் கற்றுக்கொண்டாள். தலையணையை எப்படி முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும், கரண்டியை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் எல்லாம் தெரிந்துகொண்டாள். போன மாதம் அவள் ஊட்டும்போது அத்தாவுக்குப் புரையேறிவிட்டது. முகம் நீலமாகிப்போனது. உடம்பு துள்ளிய துள்ளலில் அவர் கை ஆஸ்மாவின் கன்னத்தில் பலமாக அடித்துவிட்டது. அதீஃப் ஓடிவந்து அவரைக் கவிழ்த்து முதுகில் தட்டி மூச்சை மீட்டான். அத்தாவுக்கு மூச்சு வந்ததும் முதலில் செய்த காரியம், அவளைப் பார்த்து அழுததுதான்.

ஆஸ்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அத்தாவை அவள் பார்க்கவில்லை. அதீஃபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனில் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. "என்னால முடியும்னு நினைச்சேன்" என்று அவனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். "அவ முடிவு அவளோடது மா, யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று வேலைக்குப் போய்விட்டான்.

நானும் அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கு அந்த வயதில் இது முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் கிடைத்தது. நீங்கள் இருவரும் என் வயிற்றில் பிறந்த பிள்ளைகள். ஆகவே அந்தப் பதிலை உனக்கு எழுத மாட்டேன்.

அத்தாவுக்கு விழுங்குவது நாளுக்கு நாள் சிரமமாகிறது. வர நினைத்தால் இப்போது வா.

உன் அம்மா
ஜரீனா


மார்சிலிங்,
28 செப்டம்பர் 2025

ஸைஃபுக்கு,

அத்தாவின் காரியங்கள் எல்லாம் முடிந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் போய்விட்டார்கள். வீடு இவ்வளவு பெரியதா என்று இருக்கிறது. உனக்கு விவரம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உணவு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அவர் கண் திறக்கவில்லை. கடைசி நாள் உடம்பு ஆடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் இருந்த அதே கை. எனக்கு அது திரும்பக் கிடைத்தது, அவர் போகும் நேரத்தில்.

உனக்கு அதீஃப் போன் செய்யவில்லை. நான்தான் செய்தேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் ஐந்து மணி நேரம் என்று ஊருக்கே தெரியும். நீ அழுதாய். "அந்த முகத்தை என்னால பார்க்க முடியாது மா. அங்க படுத்திருக்கிறது நான்தான்" என்றாய். இப்போது சொல்கிறேன். அங்கே படுத்திருந்தது நீ இல்லை. உன் அத்தா. முகைதீன் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. உன்னையும் உன் தம்பியையும் இரண்டு தோளிலும் தூக்கிக்கொண்டு தேக்கா சந்தைக்குள் நடந்த மனுஷர். அவரையும் ஒரு மரபணுவாக்கிவிட்டாயே.

குளிப்பாட்ட அதீஃப் மட்டும்தான் இருந்தான். சுவா சூ காங் கபர்ஸ்தானில் குழிக்குள் இறங்கி உடலை வாங்க வேண்டிய நேரத்தில், அவனோடு இறங்க இன்னொரு மகன் எங்கே என்று யாரோ கேட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன், ஷமீமா பெரியம்மாவின் மருமகன் வந்து சொன்னார். யாரும் பதில் சொல்வதற்குள் ஆஸ்மாவின் அத்தா கபீர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டாராம். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"என் பொண்ணைத் தவிர நீங்க என்ன கேட்டாலும் செய்வேன் தங்கச்சி" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

அதீஃப் அன்று அழவில்லை. மறுநாள் அத்தாவின் மெத்தையைச் சுருட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தவன், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அடுத்தது யாருக்கு மா இந்த மெத்தை?" என்று கேட்டான். பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவன் அழுகைக்கு நடுவில் ஒரு பெயர் சொன்னான். அத்தா என்றோ ஆஸ்மா என்றோ சொல்லவில்லை. அவனுக்கு நினைவிருக்குமா தெரியாது, கேட்டால் இல்லை என்பான். நான் என் காதால் கேட்டேன்.

ஸைஃப், உன்னை வீட்டுக்கு வா என்று இனி அழைக்கப்போவதில்லை. உன் விருப்பம். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்கு ஊட்டிவிட நான் இருந்தேன். உங்களுக்கு அந்தக் காலம் வரும்போது இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும் என்கிறார் டாக்டர். அப்போது நான் இருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவன் பேசுவது யாருக்கும் புரியாத நாளில் உனக்குப் புரியும். உன் பேச்சு அவனுக்குப் புரியும்.

அவனைக் கூப்பிடு. எடுக்க மாட்டான். மறுபடியும் கூப்பிடு. எடுத்தால் கத்துவான், கேட்டுக்கொள். நியாயம் பேசாதே. உன் உரிமையைப் பற்றிப் பேசாதே. அவன் ஓய்ந்த பிறகு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள்.

அல்லாஹ் உன் கைகளை நிதானமாக வைத்திருக்கட்டும். அவன் கைகளையும். நெடுங்காலம்.

அம்மா