சிட்டு விசில் அடிப்பதில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அந்தத் தூர ஊர் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வார்டில் நிற்கிற உன் கால்களைப் படுக்கும்போதாவது தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். போன் மணி அடித்ததுமே உன் மகள் சிட்டு என் தோளில் தொற்றிக்கொள்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம். ஐந்தாவது படித்த படிப்பு இதற்காவது ஆகட்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

அவளுக்கு நீ அனுப்பிய ஷூ வந்தது. ஒரு விரற்கடை பெரிசு. முனையில் பஞ்சை வைத்துப் போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறேன். மடிப்புப் பாவாடையும் வெள்ளை சாக்ஸுமாக அவள் தெருவில் நடந்தால் எனக்குத் தரையில் கால் பாவுவதில்லை. தையல்கார அக்கா நேற்று, "யாரோ ஆபீஸர் போறாங்கன்னு எழுந்து நிக்கப் பாத்தேன்" என்றாள். நின்றால் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் வகுப்புதான் என்றாலும் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது.

இந்தப் பள்ளிக்கூடத்துக்காக ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். "பக்கத்துத் தெரு ஸ்கூலே போதும் அத்தை, பசங்களோட பசங்களா வளரட்டும்" என்று மாப்பிள்ளை எவ்வளவோ சொன்னார். என் காதில் ஏறவில்லை. ஐந்தாவதுக்கு மேல் பையன்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்றதும், போதும் நிறுத்து என்றார் என் அப்பா. பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்திருந்தால் என்று அன்று விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இடம், ஆண்வாடை கிடையாது, சாமி பயம் வரும் என்று பிடிவாதமாய்ச் சேர்த்துவிட்டேன். சிட்டுவை யாரும் நிறுத்தப் போவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவும் மகளும் அடிக்கிற விசில் உனக்குத் தெரியாததா? பஞ்சர் கடையிலிருந்து கை முழுக்க மசியோடு வருவார் மாப்பிள்ளை. கேட்டைத் தொட்டால் நான் கத்துவேன் என்று கீழேயே நின்று விசில் அடிப்பார். இவள் மாடியிலிருந்து பதில் விசில் கொடுத்துக்கொண்டே ஓடிப்போய்த் திறப்பாள். குக்கர் என்று நினைத்து எத்தனை நாள் அடுப்பை அணைத்திருக்கிறேன்!

பள்ளியில் பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்ட அன்று, பள்ளியை நடத்துகிற மதர் எதிரில் இவள் விசில் அடித்துத் தொலைத்தால் இடம் போச்சே என்று எனக்கு நடுக்கம். அங்கேயே ஜெபக் கூடத்தில் உட்கார வைத்து, "இந்த ஸ்கூல்ல எடம் குடு சாமி, இனிமே விசில் அடிக்கவே மாட்டேன்னு வேண்டிக்கடி" என்றேன். வேண்டிக்கொண்டாள். அப்புறமும் கண்ணைத் திறக்காமல் எதையோ முணுமுணுத்தாள். பக்தி என்று நான் பூரித்துப்போனேன்.

இடம் கிடைத்தது. விசில் போய்விட்டது. மாப்பிள்ளை கீழே நின்று அடிப்பார். இவள் சத்தமில்லாமல் இறங்கிப்போய்த் திறந்துவிட்டு நிற்பாள். இப்போதெல்லாம் அவரும் அடிப்பதில்லை, ஸ்பேனரால் கேட்டைத் தட்டுகிறார். "பாப்பாவுக்கு எம்மேல என்ன கோவம் அத்தை?" என்று கேட்டார்.

எடம்தான் கெடச்சிருச்சே, அடிச்சுக்கடி என்று அவளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "சாமிகிட்ட சொன்னத மாத்துனா அது பொய் பாட்டி, சிஸ்டர் சொல்லிருக்காங்க" என்கிறாள். என் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்த பள்ளிக்கூடம் ஆயிற்றே, யாரை நோவது?

போன வாரம் மதரிடமே போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அன்னைக்கே அடிச்சிருந்தா நானும் கேட்டிருப்பேனே" என்றார்கள். சிட்டுவைக் கூப்பிட்டு, விசில் அடிச்சா சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது என்று பொறுமையாகச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "எடத்தோட சேத்து இன்னொண்ணும் கேட்டேன் மதர். அது இன்னும் நடக்கல. இப்ப அடிச்சா அது நடக்காமயே போயிடும்."

என்ன கேட்டாய் என்று மதர் கேட்டார்கள், நானும் கேட்டேன். சொல்லவில்லை. மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் அவள் காலில் கிடந்த, நீ அனுப்பிய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் லீவு இல்லை என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன்மேல் குறையே இல்லை. உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? சின்ன வாயில் பெரிய பாரத்தைக் கட்டிவிட்டவள் நான். அதை அவிழ்க்க என்னால் ஆகவில்லை, மதராலும் ஆகவில்லை. இனி உன்னால்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மார்க்கைப் பற்றிக் கேட்காதே. நீ விசில் அடி. உனக்கு வராது, தெரியும். சின்ன வயதில் உதட்டைக் குவித்துக் குவித்து வெறும் காற்றுதான் விடுவாய். அந்தக் காற்றே போதும். அவள் கேட்கட்டும்.

நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. பிள்ளைக்குக் கால் மளமளவென்று வளர்கிறது. பஞ்சு இல்லாமலே அந்த ஷூ அவளுக்குச் சரியாகிற நாளை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா