முரசை நிறுத்திய கை

மலை பசுமை குன்றாதிருக்க. மழை காலம் தவறாதிருக்க. மக்கள் நலம் பெருக.

ஏழு முகடுகளையும் அவற்றில் பிறக்கும் மூன்று ஆறுகளையும் குடைக்கீழ்க் காக்கும் முகில்வரை நாட்டு அரசி செங்காந்தள் தேவியார், தம் உடன்பிறந்த இளவலும் கடல்முகத்துப் பட்டினங்களின் கோமானுமாகிய பவளவேளுக்கு விடுக்கும் ஓலை. உம் துறைகளில் கலங்கள் நிறைக. உம் வலைஞர் குடிகளில் அடுப்பு அணையாதிருக்க. உம் பிள்ளைகள் ஐவரின் முழங்கால்களிலும் சிராய்ப்பை விடப் பெரிய காயம் எதுவும் படாதிருக்க.

சென்ற திங்கள் நீர் விடுத்த ஓலையில் இரண்டு கேள்விகள் இருந்தன. பாற்பல் விழாத பிள்ளைகளுக்குக் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்பிக்கிறீர்களாமே, அடுத்து யானைப்படை நடத்தவும் கற்பிப்பீர்களோ என்பது ஒன்று. அரச முரசை நடுவழியில் நிறுத்திய ஊழியனின் கை இன்னும் அவன் தோளிலேயே இருக்கிறதாமே, அக்காவின் ஆட்சியில் சட்டம் தளர்ந்துவிட்டதோ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றே. ஆதலால் நடந்ததை நடந்தபடி எழுதவும், பேசியவர் வாய்ச்சொல்லை ஓலைநடைக்கு மாற்றாது வைக்கவும் அரசியார் பணித்தருளினார்.

காட்டுவழியில் அரச முரசு கேட்டால், குடிகள் வழியை விட்டு விலகிப் புதருக்குள் ஒடுங்கி, தலை தாழ்த்தி, மூச்சொலியும் எழாமல் இருக்கவேண்டும் என்பது இந்நாட்டு முறை. இம்மலையில் வளர்ந்த நீரும் அதை அறிவீர். முரசின் பின்னே யானைகளும் வில்லாளரும் வருவதால், உயிர் காக்கவென்று முன்னோர் வகுத்தது அது. புறப்பட்ட முரசு கொட்டில் திரும்பும்வரை ஓயலாகாது என்பதும், ஓயவைத்த கை வெட்டப்படும் என்பதும் அதனோடு வந்தவை.

அம்முரசைச் சுமப்பவன் கொற்றங்காரி. முரசு தன் தோளில் ஏறினால் மேகமும் வழிவிடும் என்று உள்ளூர நம்பியவன். அவன் மனைவி தேன் எடுக்கப் போகும் நாட்களில், ஆறு வயது மகள் தும்பையை ஆவிரையின் பந்தலில் விட்டுச் செல்வாள். படைமுகாமில் பத்தாண்டு காயங்களுக்குக் கட்டுப்போட்ட ஆவிரை, காட்டோரத்தில் பந்தலிட்டு, ஐந்து வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் பள்ளி அது. அங்கே ஏடு கிடையாது. வைக்கோல் பொம்மைக்குச் செங்காவி நீரால் காயம் வரைந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாள். இரத்தம் வந்தால் துணி வைத்து அழுத்து, எடுத்து எடுத்துப் பார்க்காதே. உடம்பில் குத்தி நிற்பதைப் பிடுங்காதே. தீப்பட்டால் மஞ்சளும் மாவும் அப்பாமல் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இரு. பாம்பு தீண்டினால் ஓடாதே, அசையாதிருந்து பெரியவரைக் கூப்பிடு. வழி தவறினால் ஒரு மரத்தடியை விட்டு நகராமல் மூன்று முறை ஊது. இவ்வளவுதான் பாடம். இதற்கென்று ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு மூங்கில் ஊதல் தொங்கும்; இடுப்பில் வெளுத்த துணி இரண்டு முழம் சுற்றியிருக்கும்.

காரிக்கு இதெல்லாம் வேடிக்கை. ஒரு நாள் தும்பை அவன் முரசுக்கோலுக்கே கட்டுப்போட்டு வைத்திருந்தாள். எதற்கடி என்று கேட்டதற்கு, தினமும் அடி வாங்குவது அதுதானே என்றாள். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். முரசுக்காரன் மகளுக்கு ஊதல் எதற்கு என்றும் கேட்டான். ஆனால் பாடம் என்று அவனும் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தான். முரசு கேட்டதும் ஒடுங்கி, ஈ மொய்த்தாலும் அசையாதிருக்கும் பாடம். அவள் அசையாதிருந்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தான்.

ஆவணியில் ஒரு காலை, தும்பையும் அவள் தோழி ஐந்து வயது நொச்சியும் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னே ஓடி மூடுபனிக்குள் மறைந்தார்கள். குட்டி தானாக வீடு திரும்பிற்று. பிள்ளைகள் திரும்பவில்லை. செய்தி அரண்மனை ஏற, பிள்ளைகளுக்குக் கேட்கட்டும் என்று அரச முரசையே தேடலுக்கு அனுப்பியது அவை. காவற்படைத் தலைவன் வயிரன் முன்னே நடந்தான். காரி முரசைச் சுமந்தான். ஆவிரையும் காவலர் ஐவரும் உடன் போனார்கள்.

உச்சிப்பொழுது வரை அடித்தான். காடு வாய் திறக்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தான். உள்ளங்கை கொப்பளித்து, கோல் வழுக்கிற்று. ஒரே பலாமரச் சரிவை மூன்று முறை கடந்துபோனார்கள். முரசை நிறுத்துங்கள், கேட்க விடுங்கள் என்று ஆவிரை முதலில் தலைவனிடம் மன்றாடினாள். சட்டம் தெரியாதா என்றான் அவன். பிறகு காரியின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

“காரி அண்ணே, முரசு கேட்டா உம்ம மக என்ன செய்வா?”

காரியின் கைப்பழக்கத்தில் இன்னும் இரண்டு முறை கோல் முரசில் விழுந்தது. மூன்றாவது முறை விழவில்லை. வெல்லம் வாங்க நீளும் சின்னக் கையை அவன் அப்போது கண்டதாகப் பின்னர் அவையில் சொன்னான். காலை முழுதும் தேடவில்லை, துரத்திக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு உறைத்தது. தோல்வாரை அவிழ்த்து, அரச முரசைக் குப்புறத் தரையில் வைத்தான்.

கையை நினைத்துப் பார் என்று எச்சரித்தான் வயிரன்.

“இந்தக் கைதான் தலைவரே வெல்லம் குடுத்து அவள ஒளியச் சொல்லிக்குடுத்தது. போனாப் போகட்டும்.”

எட்டுப் பேரும் நின்றார்கள். இலையிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது. யாரோ இருமப் போனதை வயிரனே வாயைப் பொத்தி அடக்கினான். பிறகு, அவர்கள் மூன்று முறை கடந்துபோன அதே சரிவிலிருந்து, மெல்லியதாக ஓர் ஊதல் ஒலி. மீண்டும் ஒன்று. மீண்டும் ஒன்று.

பலாமரத்தடியில் சருகுக் குவியலுக்குள் இருவரும் இருந்தார்கள். நொச்சியின் தொடையில் விரல் நீள மூங்கில் சிராய் ஏறி நின்றது. தும்பை அதைத் தொடவில்லை. இரண்டு முழத் துணியையும் அதன் இருபுறமும் மடித்து வைத்து, பிஞ்சுக் கைகள் மரத்துப்போகும் வரை அழுத்தியிருந்தாள். தோழி குளிரால் நடுங்காதிருக்கச் சருகால் மூடியிருந்தாள். தன் மேலாடையைக் கிளையில் கட்டி அடையாளம் வைத்தவள், முரசு நெருங்கிய ஒவ்வொரு முறையும் அதை அவிழ்த்து மறைத்திருக்கிறாள்.

பதறி ஓடிய காரி சிராயைப் பிடுங்கக் கை நீட்டினான்.

“அப்பா, கைய எடு. பிடுங்கினா ரத்தம் கொட்டும்.”

எடுத்தான். மலையே கேட்கும்படி முழங்கியவன் ஆறு வயதின் சொல்லுக்கு அடங்கி முழங்காலிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கிக் கேட்டாள்.

“முரசு போயிருச்சுன்னு நெனச்சுத்தான் ஊதினேன். தப்பாப்பா?”

அந்தக் கேள்விக்கு அவன் அழுதது இம்மலை நாடு அறியும்.

சிராயை அசைக்காமல் நொச்சியைப் பலகையில் ஏந்தி வந்தார்கள். அரண்மனை மருத்துவர் அதை எடுத்துத் தைத்தார். காட்டிலேயே பிடுங்கியிருந்தால் ஓடையைக் கடக்கும் முன்னே உயிர் போயிருக்கும் என்று அவையில் கூறினார். இன்று நொச்சி நடக்கிறாள். தழும்பைக் காட்டி, பார்த்தவரிடமெல்லாம் ஒரு கொய்யாப்பழம் வாங்கிக்கொள்கிறாள்.

மறுநாள் காரியைக் கை கட்டி அவைக்குக் கொணர்ந்தான் வயிரன். அது அவன் கடமை. முறைப்படி செய்க என்றனர் மூத்தோர். முரசைக் காட்டுக்கு அனுப்பியது யார் என்று வினவினார் அரசியார். தங்கள் முத்திரையின்மேல் அவை அனுப்பியது என்றனர். அப்படியாயின் பிள்ளைகளை ஒளித்து வைத்தது எம் முத்திரை, வெளியே கொணர்ந்தது இவன் கை, இரண்டில் எதை வெட்டச் சொல்கிறீர் என்று அரசியார் கேட்டார். அரியணை விட்டிறங்கித் தம் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். முதலில் வாழ்த்தொலி எழுப்பியவன் வயிரனே.

எட்டாம் நாள் அரசபெருவழியில் ஆவிரையின் பிள்ளைகள் முப்பத்தொன்பது பேரும் ஊர்வலம் போனார்கள். முன்னே தும்பை. கடைசியில், ஒலிக்காத முரசைச் சுமந்து காரி. எதிரே நீராடித் திரும்பிய பட்டத்து யானை வந்தது. தும்பை மூன்று முறை ஊதினாள். பாகன் அங்குசத்தைத் தாழ்த்த, யானை ஓரம் ஒதுங்கி நின்றது. ஒடுங்கியே பழகிய குடிகள் வழியின் இருமருங்கும் நிமிர்ந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அவ்வொலிக்கு முன் எந்த முரசும் எம்மாத்திரம்.

இனி வருவதை எம் நாட்டில் அரசாணையாகவும், உம் நாட்டில் தமக்கையின் கட்டளையாகவும் கொள்க. காணாமற்போனவரைத் தேடும் இடத்தில் முரசு ஒலிக்கலாகாது. கூப்பிடுவோர் கூப்பிட்டு நிறுத்தி, செவி கொடுத்து, பின்னரே அடியெடுத்து வைக்கவேண்டும். மூன்று ஊதல் கேட்டால் அரசரின் தேராயினும் நிற்கவேண்டும். ஐந்து வயதான எந்தப் பிள்ளைக்கும் ஆவிரையின் பாடம் மறுக்கப்படலாகாது. உம் பிள்ளைகளுக்கு மலைப்பாடம் மட்டும் போதாது. நீரில் தத்தளிப்பவன் பின்னே குதிக்காமல், கயிறோ கட்டையோ எறிந்து பெரியவரைக் கூவி அழைக்க, உம் வலைஞரைக் கொண்டு கற்பிப்பீராக. ஊதல்கள் ஐம்பது இதனுடன் வருகின்றன. முதல் ஐந்தும் உம் அரண்மனைக்கு.

ஏழு முகடும் மூன்று ஆறும் பொறித்த முத்திரையை அரசியார் தம் கையால் இட்டார். எழுதியவன் ஓலைநாயகம் நல்லாதன். மலையும் கடலும் உள்ளளவும் இது நிற்க.

தம்பி, வெட்டாமல் விட்ட கையைப் பற்றிக் கேட்டிருந்தீர். இவ்வோலையைச் சற்றுமுன் இரு கைகளாலும் உம்மிடம் நீட்டினானே, அவன்தான் கொற்றங்காரி.