தண்ணீர் குடிக்காத கணினி

தொம்மலூர்
12.6.2004

அம்மாவுக்கு வணக்கம். தொண்டை வலி இப்போது தேவலையா? நான் சொல்லச் சொல்ல அறைத்தோழி ஷைலா எழுதுகிறாள். கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது.

அம்மா, பி.காம். முதல் வருடம் தேறிவிட்டேன்! அறுபத்தெட்டு சதவீதம்! எழுத்துகள் என் கண்ணில் குழம்புவதால் பன்னிரண்டாவது வரை எல்லாப் பாடத்தையும் நீதான் வாசித்துக் காட்டினாய். இங்கே கல்லூரிக் கணினி வாசிக்கிறது. பக்கத்தை ஸ்கேன் செய்தால் போதும், ஹெட்போனில் ஆங்கிலம் கொட்டுகிறது.

முதல் நாள் ஒரு வேடிக்கை. நாலு பக்கம் ஓடியதும் பழக்கதோஷத்தில், "போதும்மா, தண்ணி குடிச்சிட்டு வா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். லேபைப் பார்த்துக்கொள்ளும் மமதா மேடம், "யாருக்கு நீரு? கம்ப்யூட்டருக்கா? கெட்டுப்போகும்மா!" என்றார். லேபே சிரித்தது. நானும்தான்.

"இவளுக்குப் படிப்பு ஏறாது" என்றாரே அந்த டீச்சர், அவர் வீட்டுக்கே போய் இந்த மதிப்பெண் பட்டியலைக் காட்டு. இதோடு நகல் வைத்திருக்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒரு கேசட்டில் எதையாவது வாசித்து அனுப்பு. பாடம் வேண்டாம், மளிகைச் சீட்டு போதும். நடுவில் நீ தண்ணீர் குடிக்கும் சத்தத்தை மட்டும் அழித்துவிடாதே.

உன் மகள்
தேன்மொழி