கையை விடாத ஞாயிறு

ஞாயிறு, ராத்திரி.

காலையில பக்கத்து ஊரு கிள்ளையில கபடி. ரைடர் உள்ள வந்ததும் கூட கைகோத்து நின்ன ஜோசப்பை உதறிட்டு நான் தனியா பாய்ஞ்சேன். நான் அவுட். "நான் அவனை வளைக்கிறதுக்குள்ள உனக்கு என்ன அவசரம் மச்சான்?"னு ஜோசப் கத்தினான். கோவம் வந்துச்சு.

சாயங்காலம் சிதம்பரத்துல, எங்க ரெண்டு பேரோட டைல்ஸ் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. ஜோசப் நிதானமா ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினான். அவுங்க யோசிச்சாங்க. நடுவுல பூந்து விலையைக் குறைச்சுடலாம்னு எனக்கு நாக்கு துடிச்சுது. காலையில அவன் கத்தினது ஞாபகம் வந்துச்சு. கல்லா மேசையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னேன். சொன்ன விலைக்கே வீடு முழுக்கப் போட டைல்ஸ் எடுத்துட்டாங்க.

ஷட்டரை இறக்கும்போது ஜோசப் சிரிச்சான். "மேசை உடைஞ்சிருக்கும் மச்சான்."

பாத்திருக்கான்.

காலையில பாய்ஞ்சதுல பட்ட முழங்கால் சிராய்ப்பு இப்பதான் எரியுது.