மாலை சுற்றிப் பிறந்தவள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. மாவு புளித்துப்போச்சு. வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, துணி சோப்பு, தங்கை கௌரியின் பிரசவத்துக்குப் பழைய வேட்டித் துணி.

சேலம் போய் மனநல டாக்டரம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்காரர் லாரியில் வெளியூர். அவரிடம் தலைவலி என்றுதான் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் வீட்டில் எப்படி என்று டாக்டரம்மா கேட்டார். "நல்லாத்தானுங்க வளத்தாங்க." சாகலாம் என்று தோன்றுமா? "இல்லீங்க." இரண்டுமே பொய்.

தினமும் தோன்றுகிறது. எனக்கு லாரி பாடி பட்டறையில் பில் போடும் வேலை, தங்கமான புருஷன். என்ன குறை? இருந்தும், நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று ஒரு நினைப்பு. விவரம் தெரிந்த நாளாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

கௌரிக்கு நாமக்கல் ஜி.எச்.சில் ஆண் குழந்தை. இருவரும் நலம். கழுத்தில் தொப்புள்கொடி மாலை மாதிரி சுற்றிப் பிறந்திருக்கிறான். நர்ஸ் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா முகம் இருண்டுவிட்டது.

மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாதாம். கிண்ணத்து எண்ணெயில் தெரியும் பிள்ளையின் நிழலை முதலில் பார்த்துவிட்டுத்தான் மாமன் நேராக முகத்தைப் பார்க்க வேண்டும். நானும் அப்படிப் பிறந்தவள்தான். எனக்கு மூன்று வயதில் அம்மாவின் அண்ணன் காமாலையில் போய்விட்டார். அன்றிலிருந்து நான் மாமனை முழுங்கினவள். விசேஷங்களுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். தனித் தட்டு. விறகுக் கட்டையால் அடி. அம்மாவுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் 'சாமி', நான் மட்டும் 'ஏ புள்ள'.

தம்பி நாளை கரூரிலிருந்து வருகிறான். அம்மா நல்லெண்ணெய் வாங்கி வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

வார்டில் ஃபேன் ஓடவில்லை. தம்பி வந்ததும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். கௌரி பிள்ளையைத் தரவில்லை.

"எண்ணெயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்குத் தம்பிக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எம்பையனைத்தான் சொல்லுவீங்க. அக்காளைப் படுத்துனது போதாதுங்களா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"எங்கண்ணன் இவளை எண்ணெயில பாக்கவே இல்ல சாமி. பொறந்ததும் வெத்தலைக் கொடிக்கால்ல இருந்து சேத்துக் காலோட ஓடியாந்தான். நாந்தான் ஆசையில புள்ளயக் கையில குடுத்துட்டேன். நேரா மொகத்தப் பாத்துச் சிரிச்சான். ஆருகிட்டயும் சொன்னதில்ல."

அப்படியென்றால் இத்தனை வருஷமும் தன்னால்தான் அண்ணன் போனார் என்ற பயத்தை என்மேல் இறக்கியிருக்கிறாள். பாவமாக இல்லை. கோபம்தான். வெளியே குழாயடியில் முகம் கழுவும்போதுதான் மற்றது உறைத்தது. நான் பிறந்தேன் என்று ஒருவர் ஓடி வந்திருக்கிறார். அப்போது அழுதேன், நன்றாகவே.

ஜூன் 14, சனி

தூறல். நேற்று ஊர் திரும்பிய வீட்டுக்காரரிடம், "இன்னைக்கு எங்கூட சேலம் வரோணுமுங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் சட்டையை மாட்டினார்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். போன தடவை சொன்னது பொய் என்று. அடி, தட்டு, தினமும் வரும் நினைப்பு, எல்லாம். எழுதுவதை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார். "சின்னதுல பட்டது பெரியவங்களான பிறகும் இப்படி அறுக்கும்மா. உங்க தப்பு இல்லை. சரிபண்ணலாம். கொஞ்ச நாள் தனியா மட்டும் இருக்காதீங்க." பிறகு இவரை உள்ளே கூப்பிட்டார். இவர் முன்னாலும் சொன்னேன்.

வெளியே வந்ததும் இவர் லாரி ஓனருக்குப் போன் போட்டார். நாளை நாக்பூர் லோடு.

"நான் போகலீங்க. ஊட்ல இருக்கோணும்."

அந்தப் பக்கம் ஒரே சத்தம். பொண்டாட்டிக்குக் காய்ச்சல், அது இது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"லோடு ஆரு வேணும்னாலும் ஓட்டுவாங்க. எனக்கு இவ வேணுமுங்க" என்றார்.