பத்து மடக்கு

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? உன் அக்கா வீட்டிலும் தையல் வேலை குவிகிறது என்று கேள்வி. கண்ணைப் பார்த்துக்கொள்.

நீ கோபித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் மறைத்ததை இப்போதாவது சொல்கிறேன். இரண்டு வருடமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சில் நின்றுவிடும், புளித்த தண்ணீரோடு மேலே வரும். உன் எதிரில் அப்படி ஆகிவிடுமோ என்ற கூச்சத்தில்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். கடையில் சாப்பிட்டுவிட்டேன் என்றதெல்லாம் பொய்.

நேற்று ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, பத்து மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். பத்துக்கும், தசை அசைவதைக் காட்டும் கோடு திரையில் எழும்பவே இல்லை. வருடக்கணக்காக அமிலம் ஏறி ஏறி, உணவுக்குழாயின் தசை ஓய்ந்துவிட்டதாம். "எங்க டாக்டர் அடைப்பு?" என்றேன். "அடைப்பே இல்லைங்க. தள்ளிவிடத்தான் ஆள் இல்லை" என்றார். முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

இனி நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தனியாகச் சாப்பிடக் கூடாது என்கிறார் டாக்டர்.

இப்படிக்கு,
குழாய்க்காரன்


மார்ச் 11

உங்களுக்கு,

முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

உப்பைக் குறைத்துப் பார்த்தேன், காரத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசியில், என் முகத்தைப் பார்ப்பதால்தான் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று முடிவு கட்டினேன். அப்படி நினைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு பிள்ளைகளின் வாந்தியை அள்ளியவள் நான். உங்களுடையது மட்டும் பெரிதா?

தனியாகச் சாப்பிடக் கூடாது என்றது டாக்டர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அக்கா வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

வந்துவிடு. அன்றே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை.

தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்கள் என்று கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தேன். உன் பக்கமும் சேர்ந்து உயர்ந்து, காலியாகக் கிடக்கிறது. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

குழாய்க்காரன்


மார்ச் 19

அன்புள்ளவருக்கு,

சனிக்கிழமை மதியம் வந்துவிடுவேன். சரிந்த கட்டிலிலிருந்து நான் உருண்டு விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு. அரிசியைக் குழைய வேகவிடுங்கள். நான் வரும்வரை தட்டைத் தொடக் கூடாது.

ஒரு மணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்கிறீர்களே, இரண்டு வருடம் நீங்கள் என் எதிரில் உட்காரவே இல்லை. எனக்கு ஒரு மணி நேரம் போதாது.

உங்கள்
வாயாடி